பெருக்கியதற்கா இந்தப் பேச்சு?

கேள்வி: அக்கா, ஒரு திறமூல மென்பொருளுக்கு முதன்முதலாக பேட்ச், அதாவது நிரல் திருத்தம், அனுப்பினேன். 31 கோப்புகளில் இடைவெளிகளை ஒழுங்குபடுத்தி, பயன்படாத மாறிகளையும் நீக்கியிருந்தேன். ‘பிரித்து அனுப்புங்கள்’ என்று இரண்டே சொல்லில் திருப்பிவிட்டார் பராமரிப்பாளர். வீடு பெருக்கியவனுக்கு இதுதான் மரியாதையா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: இரண்டு சொல்லாவது எழுதினாரே தம்பி! 31 கோப்பு வந்தால் நான் முதலில் தேநீர் போட எழுந்துவிடுவேன்.

தண்டையார்பேட்டை மொட்டைமாடி அறையில் உட்கார்ந்து, ஒரு சிறு கருவியை இயக்கும் மென்பொருளான டிரைவரைச் சில காலம் பராமரித்தேன். உங்களைப் போல் ஒருவர் துப்புரவு பேட்ச் அனுப்பினார். ‘ஸ்டேட்டஸ் என்ற மாறி எங்கும் பயன்படவில்லை’ என்று, நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர் முணுமுணுத்த வரியை முழுதாகவே எடுத்திருந்தார். சரிதானே என்று சேர்த்துவிட்டேன். அந்த வரி, கருவியின் சில்லுக்குள் இருக்கும் சிறு நினைவிடமான ரெஜிஸ்டர் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தது. படித்த மதிப்பு யாருக்கும் வேண்டாம். ஆனால் படித்தால்தான் அந்தச் சில்லு, ‘என்னைக் கவனி’ என்று கூப்பிடும் தன் இன்டரப்டை அணைக்கும். வரி போனதும் அதே இன்டரப்ட் ஓயாமல் வந்து கருவி உறைந்துபோயிற்று. மாறியை விட்டொழித்து, படிப்பதை வைத்திருக்க வேண்டும். மேலே ஒரு குறிப்பு எழுதி வைக்காதது என் குற்றம்.

பெரிய வீட்டிலும் இது நடந்திருக்கிறது. 2006-இல் டெபியன் என்ற லினக்ஸ் வகையின் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்கத் தொகுப்பில், வால்கிரைண்ட் என்ற பிழை தேடும் கருவி எச்சரித்த வரிகளை நீக்கினார்கள். 2008 மே மாதம் குட்டு வெளிப்பட்டபோது, ரகசியச் சாவிகளை யாரும் ஊகிக்க முடியாதபடி உருவாக்க உதவும் ரேண்டம் விதையில் மிஞ்சியிருந்தது, ஓடும் நிரலுக்குக் கணினி தரும் புராசஸ் எண் மட்டுமே. அதிகபட்சம் 32,768 வாய்ப்புகள்!

புது வசதி என்றால் ஓட்டிப் பார்த்துவிடலாம். துப்புரவில் ‘எதுவும் மாறவில்லை’ என்பதையல்லவா சரிபார்க்க வேண்டும்? இடைவெளித் திருத்தம் தனியாக வந்தால், இடைவெளியைக் கணக்கில் எடுக்காதே என்று, மாற்றங்களைக் காட்டும் கிட் (Git) கருவியிடம் சொன்னால் போதும், திரை பெரும்பாலும் காலியாகிவிடும். அதற்குள் மாறி நீக்கமும் கலந்திருந்தால், காசிமேட்டில் நெத்திலிக் கூடைக்குள் கைவிட்டுக் கெளுத்தி முள்ளில் குத்துப்பட்ட கதைதான்.

லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் இப்படிக் கைபழக ஸ்டேஜிங் என்ற பகுதியே உண்டு. மற்ற இடங்களில், பழைய கோப்பில் செக்பேட்ச் என்ற நடை சரிபார்க்கும் கருவியை ஓட்டி வரும் திருத்தங்களை அவ்வளவாக வரவேற்பதில்லை. வரி நீளத்துக்கு அது எச்சரிக்கும் எல்லையே 2020-இல் 80-லிருந்து 100 ஆகிவிட்டது. அதற்கு முந்தைய வாரம் உட்கார்ந்து வரிகளை உடைத்தவர்கள் பாவம்.

இடைவெளிகளை ஒரு பேட்ச்சாகவும் மாறிகளை வேறொன்றாகவும் அனுப்புங்கள். அதற்கு முன், நீக்கிய ஒவ்வொரு மாறிக்கும் சமக்குறிக்கு வலப்பக்கம் என்ன இருந்தது என்று இன்னொரு முறை பாருங்கள்.