குழாய் பதித்த பட்டையில் மட்டும் பயிர் ஏன் குன்றுகிறது?

கேள்வி: உடுமலைப்பேட்டை பக்கம் எங்களுக்குக் கரிசல் காடு. இரண்டு வருடத்துக்கு முன் எரிவாயுக் குழாய் பதிக்கத் தோண்டி மூடினார்கள். அந்தப் பட்டையில் மட்டும் மக்காச்சோளம் இடுப்புக்கு மேல் வளரவில்லை, இலையும் வெளுக்கிறது. யூரியா கூட்டிப் போட்டும் பலனில்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் யூரியாவைக் கூட்டுவதை நிறுத்துங்கள். அங்கே கெட்டிருப்பது மண்ணின் அடுக்கு.

மக்கிய சத்தும் நுண்ணுயிரும் பெரும்பாலும் மேல் ஓரடிக்குள்தான் இருக்கின்றன. அந்த மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வைக்காமல் மொத்தமாகப் பறித்து மூடினால் அடிமண் மேலே வந்துவிடும். கரிசலுக்கு அடியில் பல இடங்களில் சுக்கான் கல் உண்டு. அந்தச் சுண்ணாம்பு மேலே கலந்தால், மண்ணில் இரும்பும் துத்தநாகமும் இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. புது இலையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் தெரிந்தால் இரும்புக் குறை. குருத்திலையின் அடிப்பாதியில் நடுநரம்புக்கு இருபுறமும் வெள்ளைப் பட்டை ஓடினால் துத்தநாகக் குறை.

அப்புறம் இறுக்கம். ஈரக் கரிசலில் பொக்லைனும் லாரியும் ஓடினால் மண் துளைகள் நசுங்கிவிடும். காற்றும் நீரும் இறங்காது. செடி ஒன்றை மண்ணோடு தோண்டிப் பாருங்கள். வேர் கொஞ்சம் இறங்கிவிட்டுப் பக்கவாட்டில் மடங்கி ஓடினால் கீழே இறுகிய மண் தட்டு இருக்கிறது.

பட்டையிலும் நல்ல இடத்திலும் தனித்தனியாக மண் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். இரண்டையும் கலந்துவிட்டால் ஒன்றும் புரியாது. தட்டை உடைக்கக் கோடையில், மண் காய்ந்திருக்கும்போது உளிக் கலப்பை ஓட்ட வேண்டும். ஈரத்தில் ஓட்டினால் பயனில்லை. குழாய்ப் பாதையில் ஓட்டுவதற்கு முன் நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், இதில் அலட்சியம் கூடவே கூடாது. பிறகு ஏக்கருக்கு 5 டன் கணக்கில் தொழுவுரம் போட்டு, பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டோ சணப்போ விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள். ஆட்டுப் பட்டி போட முடிந்தால் இன்னும் நல்லது. நிற்கிற பயிருக்கு, அறிகுறியைப் பார்த்து அன்னபேதியோ (இரும்பு சல்பேட்) துத்தநாக சல்பேட்டோ 0.5 சதவீதக் கரைசலாகத் தெளிக்கலாம். ஆனால் அது தற்காலிகம்தான். மண் தேற சில வருடங்கள் பிடிக்கும்.

பயிர் இழப்பை உங்கள் தலையில் நீங்களே சுமக்க வேண்டாம். 1962-ஆம் ஆண்டு பெட்ரோலியக் குழாய்ச் சட்டத்தின் 10-வது பிரிவு, குழாய் பதிப்பதால் நேரும் சேதத்துக்கு இழப்பீடு உண்டு என்கிறது. அதை நிர்ணயிக்கும் அதிகாரிக்கு மனு எழுதுங்கள். இரண்டு மண் பரிசோதனை முடிவுகளையும், பட்டையும் நல்ல பயிரும் சேர்ந்து தெரியும் படங்களையும் அதோடு இணையுங்கள். அவர் சொல்லும் தொகை போதாது என்றால் மாவட்ட நீதிமன்றம் போகலாம்.