கேளுங்கள், கணக்குப் பார்ப்போம்

கேள்வி: நான் தேடுவதையும் பார்ப்பதையும் வைத்து இணைய நிறுவனங்கள் கோடிகோடியாகச் சம்பாதிக்கின்றன. எனக்கும் ஒரு பங்கு கொடு என்று கேட்டால் தப்பா?

பதில்: தப்பே இல்லை. ஆனால் எவ்வளவு தேறும் என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள். முகநூல், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றையும் வைத்திருக்கும் மெட்டாவின் 2023 லாபம் சுமார் 3,900 கோடி டாலர். மாதம் ஒருமுறையாவது எட்டிப் பார்ப்பவர்கள் ஏறக்குறைய 400 கோடிப் பேர். லாபம் முழுவதையும் பிரித்துக் கொடுத்தாலும் ஆளுக்கு வருஷத்துக்கு 10 டாலர்கூட வராது. முப்பது வருஷம் கணக்கெழுதிப் பிழைத்தவன் நான். இந்த வகுத்தலை மூன்று தடவை சரிபார்த்தேன்.

அதே நிறுவனம் 2016லிருந்து சிலருக்கு மாதம் 20 டாலர் வரை கொடுத்ததும் உண்மைதான். போனில் நடப்பதையெல்லாம் வேவு பார்க்கும் செயலியை அவர்கள் வைத்துக்கொள்ள வேண்டும். 13 வயதுப் பிள்ளைகளைக்கூடச் சேர்த்திருந்தார்கள். 2019 ஜனவரியில் குட்டு வெளிப்பட்டது. போட்டி நிறுவனங்களின் செயலிகளை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பது எளிதில் கிடைக்காத சரக்கு, அதனால் அந்த விலை. நம் லைக்குகள் அப்படியா?

இன்னொரு சிக்கல், என் விவரம் என்னிடம் மட்டும் இல்லை. ஒரு சமூக வலைத்தளத்தில் நான் கணக்குத் தொடங்கிய அன்றே, பன்னிரண்டு வருஷமாக நான் முகம் கொடுத்துப் பேசாத பழைய மேலாளரை 'இவரைத் தெரியுமா?' என்று காட்டியது. என் தொடர்புப் பட்டியலை நான் கொடுக்கவே இல்லை. யாரோ தங்கள் போனில் இருந்த எண்களை மொத்தமாக ஏற்றியிருக்க வேண்டும். என் எண்ணும் அதோடு போயிருக்கும். இதற்குக் காசு என்றால் எனக்கா, அவருக்கா, அந்த மேலாளருக்கா? டேரன் அசெமோக்லு போன்ற பொருளாதார அறிஞர்கள் காட்டுவதும் இதைத்தான்: பிறர் தரும் தகவலே என்னைப் பற்றிச் சொல்லிவிடுவதால், நான் தருவதன் விலை விழுந்துவிடுகிறது. நான் ஒருவன் மட்டும் தர மறுத்தால் அவர்களுக்குப் பெரிய நஷ்டமில்லை. லட்சக்கணக்கானவர்கள் சங்கமாகச் சேர்ந்து மறுத்தால் அது வேறு கதை.

அப்புறம், ஒரு வேடிக்கை. 2023 நவம்பரில் மெட்டா ஐரோப்பாவில், விளம்பரம் வேண்டாம் என்றால் மாதம் 9.99 யூரோ கட்டுங்கள் என்றது. ஐரோப்பியர் ஒருவரால் வரும் வருமானம் உலகச் சராசரியைவிடக் கூடுதல்தான், ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் நம் பங்கு வருஷத்துக்கு 10 டாலருக்கும் கீழே, அவர்கள் அப்போது கேட்டது மாதத்துக்கு 10 யூரோ. அந்த விலைப்பட்டியலைப் போட்ட கணக்கரை ஒருமுறை சந்திக்க ஆசை.