எம்-185: கார் போகாத நெடுஞ்சாலையில் ஒரு சுற்று

கேள்வி: ஊரிலிருந்து அப்பா, அம்மா மிச்சிகன் வந்திருக்கிறார்கள். மேக்கினா தீவைச் சுற்றி எம்-185 என்ற மாநில நெடுஞ்சாலை இருப்பதாக வரைபடம் காட்டுகிறது. காரிலேயே சுற்றிவிடலாமா? அம்மாவுக்கு மூட்டுவலி. என்னிடம் பேட்டரி சைக்கிள் இருக்கிறது, அதையாவது கொண்டுபோகலாமா?

பதில்: கார் கூடவே கூடாது. எதிர்க்கரையில் உள்ள மேக்கினா சிட்டியிலோ செயின்ட் இக்னஸிலோ காரை நிறுத்திவிட்டுப் படகு ஏறுங்கள். அமெரிக்காவிலேயே மோட்டார் வண்டிகளுக்குத் தடை உள்ள மாநில நெடுஞ்சாலை இது ஒன்றுதான். ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, சாலையைவிடத் தடைக்கு வயது அதிகம் என்பது. கார் சத்தத்தில் குதிரைகள் மிரளுகின்றன என்று வண்டிக்காரர்கள் முறையிட, 1898-லேயே ஊர் மன்றம் மோட்டார் வண்டியைத் தடுத்துவிட்டது. கரையோரச் சாலை அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் போடப்பட்டது, 1933-ல் மாநில நெடுஞ்சாலை ஆனது. இன்றைக்கும் ஹியூரான் ஏரியை ஒட்டியே, பெரிய மேடு பள்ளம் இல்லாமல், சுமார் 13 கிலோமீட்டர் ஓடி, கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்கிறது. நிற்காமல் மிதித்தால் ஒரு மணி நேரம், ஆனால் அப்பாவோடு போகும்போது இரண்டு, மூன்று மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குள் குதிரை வண்டியும் சாணமும் நெரிசலும் இருக்கும், வலப்பக்கமாகவே மெதுவாக ஓட்டுங்கள். கிழக்குக் கரையில் போனால் தலைக்கு மேலே ஆர்ச் ராக், 146 அடி உயரத்தில் சுண்ணாம்புப் பாறை வளைவு, கீழேயிருந்து பார்த்தாலே போதும், படிகள் நிறைய. வடமேற்கில் பிரிட்டிஷ் லேண்டிங்கில் கட்டாயம் நில்லுங்கள். 1812 ஜூலையில் பிரிட்டிஷ் படை இரவோடு இரவாக இங்கே இறங்கி, பீரங்கியைக் காட்டு வழியாக இழுத்துக்கொண்டு போய், தீவில் இருந்த அமெரிக்கக் கோட்டைக்கு மேலே மேட்டில் நிறுத்தியது. பிரிட்டன்மீது அமெரிக்கா போர் அறிவித்த செய்தியே கோட்டைக்குள் இருந்த அமெரிக்கர்களுக்கு வந்து சேரவில்லை, சண்டை போடாமலே சரணடைந்தார்கள். 1814-ல் அமெரிக்கப் படை அதே கரையில் இறங்கி மீட்கப் பார்த்துத் தோற்றது.

சரி, அம்மா? இந்தச் சுற்றுக்கு அவரை இழுக்காதீர்கள். ஊரிலிருந்து கிளம்பும் குதிரை வண்டிச் சுற்றுலா தீவின் உள்பக்கமாகப் போய் ஆர்ச் ராக் உச்சியிலேயே நிறுத்துகிறது, அவர் படி ஏறாமல் மேலேயிருந்து ஏரியைப் பார்க்கலாம். அப்புறம் உங்கள் பேட்டரி சைக்கிள்: த்ராட்டில் (மிதிக்காமலே கையால் முடுக்கி ஓட்டும் பிடி) உள்ளது என்றால் அனுமதி இல்லை, மிதித்தால் மட்டும் உதவும் வகை நடமாட்டக் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும்தான். சாதா சைக்கிள் தீவிலேயே வாடகைக்குக் கிடைக்கும்.

கிளம்புமுன் சாலை முழுவதும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள், ஏரி மட்டம் ஏறிய 2019, 2020 வாக்கில் அலை அரித்துச் சில பகுதிகளை மூடவேண்டி வந்தது.