ஜனவரிக் குளிரில் சொராரிட்டி ரெக்ரூட்மென்ட்: என்ன உடுத்துவது? கேள்வி பதில்

சொராரிட்டி என்பது கல்லூரி மாணவிகளின் சங்கம், ஒவ்வொன்றையும் 'வீடு' என்றே சொல்வோம். அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் சொராரிட்டிகளுக்குப் பெண்களைச் சேர்க்கும் ரெக்ரூட்மென்ட் வாரம் ஆகஸ்டிலேயே முடிந்துவிடும். கார்னெல், பென்சில்வேனியா, வர்ஜீனியா போன்ற பல்கலைக்கழகங்கள் முதல் செமஸ்டர் போகட்டும் என்று ஜனவரியில் வைப்பவை. 2021-இல் அலபாமா மாணவிகளின் டிக்டாக் வீடியோக்கள் பரவியதிலிருந்து எல்லோரும் அவற்றைப் பார்த்தே உடை வாங்குகிறார்கள். அவை ஆகஸ்ட் வெயிலுக்கான உடைகள். கையில்லாத கவுனும் மெல்லிய செருப்பும் ஜனவரிக்கு உதவாது. நான் இப்படியொரு குளிர்கால ரெக்ரூட்மென்ட்டில் சேர்ந்தவள். பிறகு ரோ காமாவாகவும் இருந்தேன். சேர வரும் பெண்களைக் குழுவாக அழைத்துக்கொண்டு வீடு வீடாகப் போகும் மூத்த மாணவிக்குத்தான் அந்தப் பெயர். கேள்விகளுக்கு வருகிறேன்.

அக்கா, நான் கோயம்புத்தூர். கார்னெல்ல முதல் வருஷம். இதுதான் எனக்கு முதல் பனிக்காலம். எந்த ரவுண்டுக்கு என்ன போடணும்னே புரியல.

ரவுண்டுகளின் பெயர் கல்லூரிக்குக் கல்லூரி மாறும், போக்கு ஏறக்குறைய ஒன்றுதான். முதல் ரவுண்டில் எல்லா வீடுகளையும் பார்ப்பீர்கள். ஒவ்வொன்றிலும் கொஞ்ச நேரம், நின்றபடியே பேச்சு. இதற்கு ஜீன்ஸ், நல்ல ஸ்வெட்டர், பூட்ஸ் போதும். சில இடங்களில் கல்லூரியே ஒரு டி-ஷர்ட் கொடுத்து எல்லோரையும் அதைப் போடச் சொல்லும். அடுத்து அவர்களுடைய தொண்டுப் பணி பற்றிய ரவுண்ட், தோழமை பற்றிய ரவுண்ட். ஒரு படி மேலே போய் ஸ்வெட்டர் டிரெஸ், அல்லது ஸ்கர்ட்டும் டாப்பும் போடலாம். கடைசியாக வருவது பிரெஃபரன்ஸ். ஒன்றிரண்டு வீடுகள்தான் மிஞ்சியிருக்கும். விளக்கைக் குறைத்து, மெழுகுவத்தி ஏற்றி, உங்களை ஒருத்தி எதிரே உட்காரவைத்து மனம்விட்டுப் பேசுவாள். முறையான உடை இதற்குத்தான் வேண்டும். முழங்கையோ மணிக்கட்டோ வரை கை வைத்த, அடர் நிற டிரெஸ் ஒன்று. வாங்கும்போது கண்ணாடி முன் நின்று மட்டும் பார்க்காதீர்கள், உட்கார்ந்தும் பாருங்கள். தாழ்ந்த சோபாவில் உட்கார்ந்த பிறகு ஸ்கர்ட்டை இழுத்துக்கொண்டே இருந்தால் எதிரில் இருப்பவள் சொல்வது காதில் விழாது.

குளிர் விஷயத்துக்கு வருவோம். கார்னெல் இருக்கும் இத்தாக்காவில் ஜனவரிப் பகல் பூஜ்யம் டிகிரியை ஒட்டியே இருக்கும். இரவில் மைனஸ் 10 சாதாரணம், காற்று அடித்தால் இன்னும் மோசம். ஆனால் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும், பெண்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்பார்கள், புழுங்கித் தள்ளும். வெளியே நடுக்கம், உள்ளே வியர்வை. அரைமணிக்கு ஒருமுறை இதே கதை. அதனால் தடிமனான ஒரே உடையை நம்பாதீர்கள். உடம்பை ஒட்டி மெல்லிய மெரினோ கம்பளி அல்லது யூனிக்ளோ ஹீட்டெக் மாதிரி ஒரு உள்ளாடை, அதன்மேல் உங்கள் உடை, வெளியே கனமான கோட். பருத்தி பனியன் வேண்டவே வேண்டாம். நம்மூருக்கு அருமையான துணி, இங்கே அது வியர்வையைக் குடித்து ஈரமாகவே கிடக்கும். வெளியே வந்த மறுநிமிடம் முதுகு சில்லிட்டுப்போகும்.

ஹீல்ஸ் கட்டாயமா? பனியில எப்படி நடக்கிறது?

எந்த ரவுண்டுக்கும் கட்டாயமில்லை. பிரெஃபரன்ஸுக்குப் போட விரும்பினால் கட்டைக் குதிகால் வாங்குங்கள். ஊசிக் குதிகால் பனிக்கட்டியில் கணுக்காலை முறித்துவிடும்.

வீடு வீடாக நடக்க ரப்பர் அடிப்பாகம் உள்ள, தண்ணீர் புகாத பூட்ஸ். உள்ளே போட வேண்டிய ஷூ ஒரு துணிப்பையில். வாசலில் எல்லோரும் இதைத்தான் செய்வார்கள்: ஒற்றைக்காலில் நின்று, பக்கத்தில் இருப்பவள் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு பூட்ஸைக் கழற்றி ஒரு ஷூவை மாட்டி, பிறகு அடுத்த கால். அந்தத் தோள் பெரும்பாலும் முன்பின் தெரியாதவளுடையது. பல சிநேகங்கள் அங்கேயே ஆரம்பித்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஜிப் வைத்த பூட்ஸாக இருந்தால் இந்த வேலை சீக்கிரம் முடியும். விறைத்த விரலால் கயிறு கட்டுவது பெரும்பாடு.

ஸ்வேட் பூட்ஸை இந்த வாரத்துக்கு எடுக்காதீர்கள். நடைபாதையில் பனி உருக உப்பு கொட்டுவார்கள். மாலைக்குள் பூட்ஸைச் சுற்றி வெள்ளைக் கோடு படிந்துவிடும். தோல் பூட்ஸ் என்றால் வெள்ளை வினிகரில் அதே அளவு தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து அன்றிரவே துடைத்துவிடுங்கள். அப்படியே விட்டுவைத்தால் தோல் வறண்டு வெடிக்கும். கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி வையுங்கள், ஒன்று கட்டாயம் நனையும்.

டைட்ஸ் பற்றிச் சொல்லுங்க. உள்ளே ஃப்ளீஸ் வைத்து, வெளியே மெல்லிசாத் தெரியற டைட்ஸ் வாங்கினேன். என் காலில் சாம்பல் பூசின மாதிரி இருக்கு.

உங்கள் காலில் ஒரு குறையும் இல்லை. அந்த வகையில் பெரும்பாலானவற்றுக்கு உள்துணி வெளிர் நிறம், அதன்மேல் ஒரு கறுப்பு வலை. வெள்ளைத் தோலை மனதில் வைத்துத் தயாரித்தவை. உள்துணி அடர் பழுப்பில் வருபவையும் கிடைக்கின்றன, தேடி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் 80 அல்லது 100 டெனியர் கறுப்பு டைட்ஸ் (டெனியர் எண் கூடினால் துணி தடிமன்). எந்தத் தோலுக்கும் பொருந்தும், எந்த டிரெஸ்ஸுக்கும் கீழே அழகாக இருக்கும்.

இன்னொன்று. ஹீட்டர் காற்று வறண்டது, டிரெஸ் டைட்ஸோடு ஒட்டிக்கொண்டு மேலே ஏறும். கையில் கொஞ்சம் லோஷன் தேய்த்து டைட்ஸ் மேல் லேசாகத் தடவினால் அடங்கிவிடும். துணி உலர்த்தும் எந்திரத்தில் போடும் டிரையர் ஷீட் ஒன்றைப் பையில் வைத்திருப்பதும் நல்லது.

நியூஜெர்சியிலிருந்து ஒரு அம்மா. பெண் அனுப்பிய பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஐந்து டிரெஸ், மூன்று ஷூ, இரண்டு கோட். இவ்வளவும் தேவையாம்மா?

தேவையில்லைம்மா. கோட் ஒன்றே போதும், எல்லா நாளும் அதையே போடலாம். பல வீடுகளில் கோட்டையும் பையையும் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், உள்ளே யாரும் பார்ப்பதில்லை. பணம் போட வேண்டியது பூட்ஸிலும் உள்ளாடையிலும். அவை இந்த வாரத்தோடு போவதில்லை, நாலு வருடம் உழைக்கும். பிரெஃபரன்ஸ் டிரெஸ்ஸை வாடகைக்கு எடுக்கலாம், ஹாஸ்டல் தோழியிடம் கேட்டு வாங்கலாம், கல்லூரி ஊர்ப் பழைய துணிக் கடையிலும் நல்லதாகக் கிடைக்கும். மற்ற ரவுண்டுகளுக்கு ஏற்கெனவே இருக்கும் ஸ்வெட்டர்களையே மாற்றி மாற்றிப் போடட்டும். புதிதாக ஏதாவது வாங்கினால் முன்னதாகவே ஒருநாள் முழுக்க உடுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கழுத்தில் உறுத்தும் கம்பளி கடையில் காட்டிக்கொடுக்காது, மூன்றாவது வீட்டில்தான் தெரியும்.

சேர்ந்த பிறகு கட்ட வேண்டிய கட்டணம் தனி. உடைக்குச் செலவழிக்கும் முன் அது எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் அதைக் கேட்க உங்கள் பெண்ணுக்கு முழு உரிமை உண்டு.

பிள்ளை, நாங்கள் டொரண்டோவில இருக்கிறம். மகள் வழமையாப் பொட்டும் ஜிமிக்கியும் போடுறவள். இதுக்குப் போகேக்க அதுகளைக் கழட்ட வேணுமோ? கடைசி நாளுக்குச் சீலை உடுக்கப் போறன் எண்டும் நிக்கிறாள்.

கழற்ற வேண்டாம் அம்மா. தினமும் போடுகிறவள் அன்றைக்கு மட்டும் எடுத்துவிட்டுப் போனால் யாரோ ஒருத்தியைத்தான் அவர்களுக்கு அறிமுகம் செய்கிறாள். அவளைப் பொட்டோடு பார்த்துப் பிடித்த வீடுதான் அவளுக்கான வீடு. இதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை. ஆனால் மஃப்ளரில் மாட்டாத சின்ன ஜிமிக்கியாகப் போகட்டும். கம்பளி நூலில் கொக்கி சிக்கினால் காது கிழியும்.

சேலை அவள் விருப்பம். தானே கட்டி, அதோடு பஸ் ஏறி இறங்கப் பழகியவள் என்றால் கட்டட்டும், மெழுகுவத்தி வெளிச்சத்தில் பட்டு மிக அழகாக இருக்கும். உள்பாவாடைக்குக் கீழே கம்பளி லெக்கிங்ஸ், முழுக்கை ரவிக்கை, கரையைத் தூக்கிப் பிடித்து நடக்க ஒரு கை. பழக்கமில்லை என்றால் உருகிய பனிச் சேற்றில் கரை ஊறிக் கனக்கும், உள்ளே போய் மடிப்பைச் சரிசெய்வதிலேயே நேரம் போய்விடும். இடுப்புக்குக் கொஞ்சம் கீழே நிற்கும் பட்டுக் குர்த்தாவும் கறுப்பு பேன்ட்டும் இரண்டுக்கும் நடுவான நல்ல வழி.

நான் ஹிஜாப் அணிபவள். எல்லாப் படங்களிலும் குட்டை டிரெஸ்தான் இருக்கிறது. நான் தனியாகத் தெரிவேனா?

குளிர்காலம் உங்கள் பக்கம். ஜனவரியில் முழுக்கை, உயர்ந்த கழுத்து, நீண்ட ஸ்கர்ட் எல்லாம் யாரும் திரும்பிப் பார்க்காத உடைகள். கணுக்கால்வரை வரும் பின்னல் துணி டிரெஸ், மேலே ஒரு பிளேசர், உள்ளே லெக்கிங்ஸ். கரை தரையில் புரளாமல் பூட்ஸ் விளிம்போடு நிற்கட்டும். ஹிஜாபுக்கு பாலியெஸ்டர் ஷிஃபான் வேண்டாம், வறண்ட காற்றில் முகத்தோடு ஒட்டிக்கொள்ளும். மோடால் அல்லது ஜெர்சி துணி நழுவாமல் நிற்கும், காதுக்கும் கதகதப்பு.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். இந்த மாதத்தில் லுஹர், அஸர், மஃரிப் தொழுகை நேரங்கள் நெருங்கி நெருங்கி வரும், ரவுண்டுகளும் அதே நேரத்தில்தான் நடக்கும். உங்கள் ரோ காமாவிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். இடமும் இடைவெளியும் ஏற்பாடு செய்து தருவது அவள் வேலை.

ஒரு தகப்பன் கேட்கிறேன். உடையைப் பார்த்துத்தான் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கிறார்களா? இதெல்லாம் எப்படிப்பட்ட இடம்?

நியாயமான கவலை ஐயா. தோற்றத்தைப் பார்ப்பதே இல்லை என்று நான் சொன்னால் அது பொய். பார்க்கும் வீடுகளும் உண்டு. ஆனால் கதவு சாத்திய பிறகு உறுப்பினர்கள் பேசுவது அவள் என்ன சொன்னாள், எதைப் பற்றிப் பேசும்போது முகம் மலர்ந்தாள், எங்களோடு ஒட்டுவாளா என்பதைத்தான். குறைந்தபட்ச மதிப்பெண் சராசரியும் கேட்பார்கள். உடை கெடுக்கக்கூடியது ஒன்றுண்டு. குளிரில் பல் கிட்டிப்போன பெண்ணால் சரளமாகப் பேச முடியாது. கதகதப்பாக உடுத்து என்று நான் அடித்துச் சொல்வது அதனால்தான்.

இடம் பற்றி: 1902-இல் தொடங்கிய தேசிய பான்ஹெலெனிக் மாநாடு என்ற கூட்டமைப்பில் பல சொராரிட்டிகள் இருக்கின்றன. ரெக்ரூட்மென்ட் நிகழ்ச்சிகளில் ஆண்களும் மதுவும் கூடாது என்பது அதன் விதி. சேர்ந்த பிறகு நடப்பது வீட்டுக்கு வீடு வேறுபடும். அதை மகளோடு பேசுங்கள், கோபிக்காமல் கேளுங்கள்.

முதல் ரவுண்ட் வீடியோவில் என்று சொல்லிவிட்டார்கள்.

கோடு, கட்டம் இல்லாத ஒரே நிற டாப். ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள், முதுகைக் காட்டாதீர்கள். மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும், மேஜை விளக்கு ஒன்று தயாராக இருக்கட்டும்.

நான் தெற்காசியச் சொராரிட்டியில் சேரலாமா என்று யோசிக்கிறேன். அங்கேயும் இதே உடைதானா?

முறையே வேறு. ஹூஸ்டனில் டெல்டா ஃபை ஒமேகா, ஆஸ்டினில் கப்பா ஃபை காமா, நியூயார்க்கில் சிக்மா சிக்மா ரோ, மூன்றும் 1998-இல் நம்மைப் போன்ற பெண்கள் தொடங்கியவை. வீடு வீடாகச் சுற்றும் வாரம் இவற்றுக்கு இல்லை. தகவல் கூட்டம் போடுவார்கள், சில சந்திப்புகள் நடக்கும். உடைக் குறிப்பு அறிவிப்பிலேயே இருக்கும், பெரும்பாலும் அலுவலக பாணி: பேன்ட், சட்டை, பிளேசர். கறுப்பினப் பெண்களின் சொராரிட்டிகளும் தங்களுக்கென்று தனி முறை வைத்திருக்கின்றன. 1908-இல் வாஷிங்டன் நகரின் ஹாவர்ட் (Howard) பல்கலைக்கழகத்தில் பிறந்த ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில், நம் சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் அங்கே படித்தபோது சேர்ந்தார். எதில் சேர்வதானாலும் அந்த வருட அறிவிப்பைப் படித்துவிட்டு உடை வாங்குங்கள்.

தொப்பி போட்டால் முடி படிந்துவிடுகிறது. போடாவிட்டால் காது போய்விடும் போல இருக்கிறது.

காது மூடி வாங்குங்கள், உச்சி படியாது. நம்முடையதுபோல் அடர்ந்த முடிக்குத் தளர்ந்த பின்னல் இந்த வாரத்துக்குக் கச்சிதம், காற்றிலும் கலையாது. தலைகுளித்த ஈரத்தோடு வெளியே வராதீர்கள், முடி உறைந்து விறைத்துவிடும். வறண்ட உதட்டுக்கும் கைக்கும் கொஞ்சம் தேங்காயெண்ணெய், மூக்கு ஒழுகும் என்பதால் டிஷ்யூ, கோட் பையில் சூடு தரும் பாக்கெட் இரண்டு. அந்தப் பாக்கெட்டை நேராகத் தோலில் வைக்கக் கூடாது, சுட்டுவிடும்.

பிட் டே அன்றைக்கு என்ன போடுவது?

எந்த வீடு உங்களை அழைக்கிறது என்று தெரியும் கடைசி நாள்தான் பிட் டே. அழைப்பு கையில் கிடைத்ததும் உங்கள் வீட்டுப் பெயரின் கிரேக்க எழுத்துகள் போட்ட டி-ஷர்ட் ஒன்றைத் தந்து, உடனே மாட்டிக்கொள்ளச் சொல்வார்கள். ஃபோட்டோவில் எழுத்து தெரிய வேண்டும் என்று கோட்டையும் கழற்றச் சொல்வார்கள். அதனால் உடம்பை ஒட்டிய முழுக்கை தெர்மல் ஒன்றை உள்ளே போட்டுக்கொள்ளுங்கள். சட்டை அளவு கேட்டால் ஒரு அளவு பெரிதாகச் சொல்லுங்கள். கீழே ஃப்ளீஸ் லெக்கிங்ஸ், நன்றாகப் பிடிக்கும் பூட்ஸ். வீடுவரை எல்லோரும் ஓடுவார்கள், வழியில் பனிக்கட்டி இருக்கும்.