வெயில் காலத்துல குதிரையும் குடும்பமும்: வீரவநல்லூர் தம்பிக்கு

தம்பி, உங்க கேள்வியை அம்பாசமுத்திரத்துல எங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து படிச்சேன். ஆடி லீவுக்கு வந்திருக்கேன். மார்ச்சுல ஷார்ஜாவுக்கு வந்து, சவாரி சொல்லிக்கொடுக்கிற வேலையில சேர்ந்திருக்கீங்க. விடியக்காலம் குதிரை, ராத்திரி வகுப்புன்னு நாள் ரெண்டா உடைஞ்சு கிடக்கு. தங்கச்சியும் (உங்க வீட்டுக்காரியைத்தான் சொல்லுதேன்) ஒன்றரை வயசுப் பிள்ளையும் வீரவநல்லூர்ல இருக்காங்க. "இப்பவே கூட்டிட்டு வந்துரலாமா அண்ணாச்சி, நீங்க எப்படிச் சமாளிச்சீங்க"ன்னு கேட்டிருக்கீங்க.

இப்ப வேண்டாம். செப்டம்பர் கடைசியில கூட்டிட்டு வாங்க.

முதல் கோடை உங்களுக்குக் குதிரையைப் படிக்கவே சரியா இருக்கும். நானும் வந்த புதுசுல விடியக்காலம் நாலு மணின்னா குளுமையா இருக்கும்னு நம்பினேன். ஜூலை, ஆகஸ்ட்ல அந்தக் கடலோரத்துல விடியக்காலத்துலதான் புழுக்கம் கூட. வேர்வை காயாது, காயாத வேர்வை உடம்பைக் குளுத்தாது. அங்க பழைய கோச்சுகள் ஒரு கணக்கு வச்சிருக்காங்க. வெப்பத்தை ஃபாரன்ஹீட்ல எடுத்து, ஈரப்பதச் சதவீதத்தை அதோட கூட்டணும். 150 தாண்டினா கவனமா இருக்கணும், 180 தாண்டினா சவாரியே கூடாது. நாலு மணிக்கு 91 டிகிரி, ஈரப்பதம் 80ன்னா 171 வந்துருது பாருங்க. அன்னைக்கு நடையோட நிறுத்திக்கிடுங்க.

இறங்கினதும் குதிரையோட கழுத்துக்கு அடியிலயும் நெஞ்சுலயும் கை வச்சுப் பாருங்க. மத்த குதிரையெல்லாம் நனைஞ்சு நிக்கையில ஒண்ணு மட்டும் காஞ்ச தோலோட, மூக்கு விரிய மூச்சு வாங்கிட்டு நின்னா, அதுக்கு வேர்வையே நின்னு போச்சுன்னு அர்த்தம். உடனே டாக்டரைக் கூப்பிடணும். சும்மா நிக்கிற குதிரைக்கு நிமிஷத்துக்கு 28லிருந்து 44 வரைக்கும் இதயத் துடிப்பு இருக்கும். சர்வதேச நெடுந்தூரப் போட்டிகள்ல 64க்குள்ள இறங்கினாத்தான் அடுத்த சுற்றுக்கு விடுவாங்க. நான் வகுப்புக் குதிரைக்கும் அதே கணக்குத்தான் பார்க்கேன். சூடான குதிரை மேல பச்சைத்தண்ணி ஊத்தக்கூடாதுன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. ஊத்தணும், விடாம ஊத்தணும். வேர்வையில உப்பு நிறையப் போயிருதனால உப்புக் கலவையும் குடுக்கணும், பக்கத்துலயே நல்ல தண்ணியும் இருக்கணும்.

நம்ம தாமிரவருணி கடல்ல சேருற இடத்துல இருந்த காயல் துறைக்கு ஒரு காலத்துல அரபுக் குதிரைகள் கப்பல்ல வந்து இறங்கிச்சு. பாண்டிய ராஜாக்கள் வருஷா வருஷம் வாங்கியும், பக்குவம் தெரிஞ்ச ஆளில்லாம பெரும்பாலும் செத்துப்போச்சுன்னு 13ஆம் நூற்றாண்டுக் கடைசியில வந்த மார்க்கோ போலோ எழுதி வச்சிருக்கார். அந்தப் பக்குவத்தைத்தான் நீங்க இந்தக் கோடையில கத்துக்கிடணும். பிள்ளைக்குக் காய்ச்சலான்னு ஒரு கண்ணும், குதிரை தண்ணி குடிச்சிச்சான்னு ஒரு கண்ணுமா அதைக் கத்துக்க முடியாது.

இன்னொரு காரணம் வீட்டுக்குள்ள இருக்கு. என் வீட்டுக்காரியை நான் ஒரு மே மாசம் கூட்டிட்டுப் போனேன். ஒரே ஒரு ரூம். காலையில ஒன்பது மணிக்கு வந்து, திரையை இழுத்து விட்டுட்டுப் படுத்திருவேன். ஒருநாள் தண்ணி தவிச்சு முழிச்சுப் பார்த்தா, அடுப்படியில குக்கர் சும்மா இருக்கு, அவ பானையில சோறு வடிச்சிட்டு இருக்கா. ஏன்னு கேட்டேன். "விசில் சத்தத்துக்கு நீங்க முழிச்சிருவீங்கல்லா"ன்னா. ரெண்டு மாசமா அப்படித்தான் பொங்கியிருக்கா, எனக்குத் தெரியவே இல்ல. மூணு வயசு மகளும் அந்த ரூமுக்குள்ள குசுகுசுன்னுதான் பேசப் பழகியிருந்தா. வெளிய கூட்டிட்டுப் போகவும் வெயில் விடாது. பேச்சுத்துணைக்கு ஆளில்லாத ஊர்ல, தூங்குற புருசனுக்குக் காவல் இருக்கவா ஒரு பொம்பளைப்பிள்ளை கடல் தாண்டி வரணும்? இப்ப நினைச்சாலும் நெஞ்சு அடைக்குது.

அடுத்த வருஷம் ஜூலையில ஊருக்கு அனுப்பிவச்சேன். ஏர்போர்ட்டுக்கு நானே கொண்டு விடுதேன்னு சொல்லியிருந்தேன். கிளம்புற நேரத்துல ஒரு பெண் குதிரைக்கு வயித்துவலி வந்துட்டு. குதிரையால வாந்தி எடுக்க முடியாது, அதனால வயித்துவலின்னா உயிர்ப் பிரச்சினை. டாக்டர் வாரதுக்குள்ள அதைக் கையில பிடிச்சு நடத்திட்டு இருந்தேன். அவ பிள்ளையையும் நாலு பெட்டியையும் வச்சுக்கிட்டு டாக்சியில தனியாப் போனா. குதிரை பிழைச்சுது. ஆனா எனக்குப் பதிலா அந்தக் குதிரையைத் தெரிஞ்ச ஆள் லாயத்துல ஒருத்தரும் இல்லாதது என் தப்பு. அதுக்கப்புறம் ஒவ்வொரு குதிரையோட தீனி, தண்ணி, குணம் எல்லாத்தையும் கூட வேலை பார்க்கிற மலையாளி ஒருத்தருக்கும் சொல்லி வச்சிருக்கேன், அவர் குதிரைகளை எனக்குச் சொல்லி வச்சிருக்கார். உங்களுக்கும் அப்படி ஒரு ஆளை இந்த மாசமே பிடிங்க.

லீவு விஷயத்துல ஏமாந்துராதீங்க. அங்க சவாரி சீசன் அக்டோபர்ல தொடங்கி மார்ச் வரைக்கும். தீபாவளியும் பொங்கலும் அதுக்குள்ளதான் வரும், லீவு கிடைக்காது. பள்ளிக்கூடம் ஜூலை, ஆகஸ்ட்ல பூட்டியிருக்கும், சவாரி படிக்கிற பிள்ளைகளும் வெளியூர் போயிரும். அப்ப லீவு கேளுங்க. எங்க வீட்டுல இப்ப பொங்கலை விட நெல்லையப்பர் ஆனித் தேரும், ஆடி அமாவாசைக்குக் காரையார் சொரிமுத்து அய்யனார் கோயிலும்தான் பெரிய நாள். குத்தால சாரலும் அந்த நேரம்தான்.

குடும்பத்தைக் கூட்டிட்டு வர்ற விசாவுக்கு 4,000 திர்ஹாம் சம்பளம், இல்லேன்னா 3,000 திர்ஹாமோட தங்க இடம் கேப்பாங்க. கல்யாணச் சான்றிதழை இப்பவே அட்டஸ்ட் பண்ணி வைங்க, நாளாகும். பின்னால ஊருக்கு அனுப்பினாலும் ஆறு மாசத்துக்கு மேல தங்க விடாதீங்க, விசா ரத்தாயிரும்.

செப்டம்பர் வரைக்கும் ஒரு நேரத்தைக் குதிரைக்குக் குடுக்காம வைங்க. ஜூன் 15லிருந்து செப்டம்பர் 15 வரைக்கும் மத்தியானம் 12:30லிருந்து 3 மணி வரை வெளிவேலை பார்க்கக்கூடாதுன்னு அங்க சட்டமே இருக்கு. உங்க 12:30 ஊர்ல ரெண்டு மணி. பிள்ளை சாப்பிட்டு முடிச்சு முழிச்சிருக்கிற நேரம். ராத்திரி வகுப்பு முடிஞ்சு கூப்பிட்டீங்கன்னா தூங்குற முகத்தைத்தான் பார்ப்பீங்க.

வர்ற ஞாயித்துக்கிழமை நானும் வீட்டுக்காரியும் வீரவநல்லூருக்கு ஒரு விசேஷத்துக்கு வாரோம். தங்கச்சிகிட்டச் சொல்லி வைங்க, வீட்டுக்கு வந்து பார்த்துட்டுப் போறோம். என்கிட்டக் கேக்க முடியாததை அவ இவகிட்டக் கேட்டுக்கிடட்டும்.