ஸ்கொட்லாந்து மக்களை அறிய எங்கிருந்து தொடங்குவது?

அன்புத் தங்கைக்கு,

சென்னையிலிருந்து இன்வெர்னஸ் நகருக்குத் தாதியாக வந்திருக்கும் நீங்கள், "இங்கிலாந்துக் குளிர் இன்னும் பழகவில்லை" என்று சொன்னதும் முதிய நோயாளி ஒருவரின் முகம் மாறிவிட்டதாக எழுதி, இவர்கள் உண்மையிலேயே வேறொரு மக்களா, இவர்களுடைய வரலாற்றை எங்கிருந்து படிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். வேறு மக்கள்தான். 1707இல் இங்கிலாந்தோடு ஒரே நாடாளுமன்றத்தின் கீழ் இணைந்தபோதும் இவர்கள் தங்கள் சட்டத்தையும் திருச்சபையையும் விட்டுக்கொடுக்கவில்லை. 1999இல் எடின்பரோவில் தங்கள் நாடாளுமன்றத்தை மறுபடியும் கூட்டிக்கொண்டார்கள்.

இவர்கள் ஒரே இரத்தத்தில் வந்தவர்களும் அல்லர். வடக்கிலும் கிழக்கிலும் பிக்ட் இனத்தார், மேற்கில் அயர்லாந்தோடு உறவு கொண்ட கேலிக் மக்கள், கிளைட் ஆற்றங்கரையில் பழங்காலப் பிரித்தானியர், தென்கிழக்கில் ஆங்கிலேயரின் முன்னோரான ஆங்கிளர், தீவுகளில் நோர்வேக்காரர் என்று பலரும் கலந்து உருவான மக்கள் இவர்கள். மேற்குக் கரையிலுள்ள ஹெப்ரிடீஸ் தீவுகள் 1266 வரை நோர்வே அரசருக்கே உரியவையாக இருந்தன.

சுற்றுலாக் கையேடுகள் 1314ஆம் ஆண்டில் இங்கிலாந்துப் படையை வென்ற பேனொக்பர்ன் போரைத்தான் முதலில் காட்டும். ஆனால் மேட்டுநிலம் எனப்படும் வடக்கு, மேற்கு மலைப்பகுதியில் வாழப்போகும் உங்களுக்கு, நிலம் பறிபோன கதையிலிருந்து தொடங்குங்கள் என்றே சொல்வேன். இன்வெர்னஸுக்குக் கிழக்கே குலோடன் வெளியில், 1746 ஏப்ரல் 16 அன்று, பிரித்தானிய அரியணையைத் தம் குடும்பத்துக்கு மீட்க வந்த ஸ்டூவர்ட் இளவரசரின் படை அரசின் படையிடம் தோற்றது. அதை ஆங்கிலேயருக்கும் ஸ்கொட்லாந்துக்காரருக்கும் நடந்த போர் என்று பலர் நம்புகிறார்கள். அரசின் படையிலும் ஸ்கொட்லாந்துக்காரர் பலர் நின்றார்கள் என்பதே உண்மை. அந்தத் தோல்விக்குப் பிறகு குலத்தலைவர்கள் தங்கள் பரம்பரை நீதி அதிகாரத்தை இழந்தார்கள். தம் மக்களுக்குக் காவலாக இருந்தவர்கள் படிப்படியாக வாடகை வாங்கும் நிலவுடைமையாளர்களாக மாறினார்கள். குடிகளிடம் வாங்கும் வாடகையைவிடச் செம்மறியாட்டுப் பண்ணைக்காரர்கள் தரும் பணம் பெரிதாகத் தெரிந்தபோது, தலைமுறைகளாக அங்கே இருந்த குடும்பங்களை வெளியேற்றினார்கள். வடக்கே சதர்லண்ட் பகுதியின் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் 1814இல் வீடுகள் எரிக்கப்பட்டன. அதற்குப் பொறுப்பானவரென்று குற்றம் சாட்டப்பட்ட பாட்ரிக் செல்லார் 1816இல் இதே இன்வெர்னஸில் விசாரிக்கப்பட்டு, குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார்.

ஆர்ட்கே என்ற ஊரிலிருந்து உள்ளே போகும் ஒற்றைத்தடப் பாதையின் முடிவில் குரோய்க் என்ற சிறிய தேவாலயம் இருக்கிறது. 1845 மே மாதத்தில் அருகிலுள்ள கிளென்கால்வி பள்ளத்தாக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் குழந்தைகளோடு அதன் கல்லறைத் தோட்டத்தில் தங்கின. கோயிலுக்குள் நுழைந்து படுக்க அவர்கள் மனம் ஒப்பவில்லை. அவர்கள் சன்னலின் வெளிப்புறத்திலிருந்து சின்னஞ்சிறு கண்ணாடிச் சில்லுகளில் கீறிய எழுத்துகளை நான் அருகில் நின்று பார்த்திருக்கிறேன். ஒளி சாய்வாக விழும்போதுதான் படிக்க முடியும். "கிளென்கால்வி மக்கள், பொல்லாத தலைமுறை" என்று ஒரு சில்லில் இருக்கிறது. தமக்கு நேர்ந்த கொடுமையைத் தம் பாவத்துக்கு வந்த தண்டனையென்று அந்த ஏழைகள் நம்பியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் இன்றும் என் நெஞ்சு பொறுப்பதில்லை.

இவ்வாறு நிலம் இழந்தவர்களில் பலர் கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் கப்பலேறினார்கள். ஆனால் இந்த மக்களைத் துன்பப்பட்டவர்களாக மட்டும் பார்த்தால் பாதி வரலாறு விடுபட்டுவிடும். நான் இலங்கையின் மலையகத்தில் பிறந்தவன். 1867இல் அங்கே லூல்கந்துரா தோட்டத்தில் முதன்முதலாக வணிக அளவில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் கின்கார்டின்ஷயரைச் சேர்ந்தவர். ஸ்ட்ராத்ஸ்பே, கிளென்டில்ட், டன்சினேன் என்று எங்கள் தோட்டங்களுக்கு இந்நாட்டு இடங்களின் பெயர்களையே துரைமார் சூட்டினார்கள். அத்தோட்டங்களின் லயங்கள் என்னும் வரிசை வீடுகளில் தங்கிக் கொழுந்து பறித்தவர்கள் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட எங்கள் முன்னோர்கள். கிளாஸ்கோவின் வணிகர்கள் அடிமைகளின் உழைப்பில் விளைந்த புகையிலையாலும் சர்க்கரையாலும் செல்வம் சேர்த்ததையும் இந்நாட்டவர் இப்போது வெளிப்படையாகப் பேசுகிறார்கள். அந்த நேர்மைக்காக இவர்களை நான் மதிக்கிறேன்.

உங்கள் சென்னையோடு ஒரு தொடர்பையும் சொல்லிவிடுகிறேன். கூவத்தின் மேலுள்ள நேப்பியர் பாலத்தை நீங்கள் எத்தனையோ முறை கடந்திருப்பீர்கள். அந்தப் பெயருக்குரிய பிரான்சிஸ் நேப்பியர் பிரபு, சென்னை ஆளுநராக இருந்து திரும்பிய பின், 1883இல் இந்த மேட்டுநிலக் குடியானவர்களின் நிலையை ஆராய்ந்த அரச ஆணைக்குழுவுக்குத் தலைமை தாங்கினார். அதற்கு முந்தைய ஆண்டு ஸ்கை தீவின் பிரேஸ் கிராமத்தில், நில உரிமைக்கான போராட்டத்தில், கிளாஸ்கோவிலிருந்து வந்த பொலிசாரைப் பெண்களும் ஆண்களும் கல்லெறிந்து எதிர்த்திருந்தார்கள். ஆணைக்குழு ஊர் ஊராகச் சென்று, கேலிக் மொழியில் சாட்சி சொன்னவர்களை மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கேட்டது. 1886இல் வந்த சட்டம் சிறுகுடியானவர்களுக்கு நியாயமான வாடகையையும், நிலத்திலிருந்து துரத்தப்படாத உரிமையையும், அவ்வுரிமையைப் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் வழியையும் தந்தது. ஆனால் அதற்கு முன்பே பறிபோன நிலத்தை அது மீட்டுத்தரவில்லை.

அந்த நிலத்தைப் பற்றிய பேச்சு இன்னும் முடியவில்லை. 1993இல் வடமேற்கிலுள்ள அசின்ட் பகுதிக் குடியானவர்களும், 1997இல் எய்க் தீவு மக்களும் நிதி திரட்டித் தாங்கள் வாழும் நிலத்தைத் தாங்களே வாங்கினார்கள். மல்லேக் துறைமுகத்திலிருந்து எய்க் தீவுக்குப் படகு உண்டு. கோடையில் விடுப்புக் கிடைத்தால் போய்வாருங்கள்.