ரஷ்யத் தட்டு நிற்கும், கரண்டி படுத்திருக்கும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரஷ்யாவில் மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பாடம் முழுக்க ஆங்கிலத்தில்தான். இந்த ஆண்டு முதல் வார்டுக்குப் போகிறோம். நோயாளிகளுக்கு ரஷ்யன் மட்டுமே தெரிகிறது. ஆங்கிலத்தில் ‘புட்’ (put) என்ற ஒரே சொல்லை வைத்து எல்லாவற்றையும் ஒப்பேற்றிவிடலாம். கைபேசிச் செயலியில் அதைப் போட்டால் ‘பலஜீத்’ என்று வருகிறது. அதைச் சொன்னால் செவிலியர்கள் ஒவ்வொரு முறையும் வேறு வேறு சொல் சொல்லித் திருத்துகிறார்கள். போன வாரம் ஒரு பெரியவரிடம், இதற்கு முன் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறாரா என்று கேட்பதாக நினைத்து ‘ரான்ஷெ சிதேலி?’ என்றேன். வார்டே சிரித்தது. ‘புட்’டுக்குச் சரியான ரஷ்யச் சொல் எது? ரஷ்யன் தமிழைவிடக் கடினமான மொழியா? நல்ல செயலி ஏதாவது உண்டா? சில நாள் அழுகையே வந்துவிடுகிறது.

— ஒரு வாசகி

அன்புள்ள மாணவிக்கு,

நீங்கள் கேட்டுக்கொண்டபடி பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டேன். எந்த மொழி கடினம் என்ற கேள்வியைப் பட்டிமன்றத்துக்கு விட்டுவிடுவோம். செயலி பற்றிப் பேசப்போவதில்லை. உங்கள் சிக்கலுக்குக் காரணமே அதுதான்.

முதலில் அந்தப் பெரியவர். நீங்கள் அவரிடம் கேட்டது, ‘முன்னாடி ஜெயிலுக்குப் போயிருக்கீங்களா?’ என்று. ‘சிதேத்’ என்றால் உட்கார்ந்திருப்பது. வீட்டிலேயே இருப்பதையும், பத்தியம் இருப்பதையும், இணையத்தில் பொழுதைக் கழிப்பதையும் ரஷ்யர்கள் உட்கார்ந்திருப்பதாகத்தான் சொல்வார்கள். அதைக் கேட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கும் அதுவே செல்லும் என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் இடத்தைச் சொல்லாமல் ‘உட்கார்ந்திருந்தீர்களா’ என்று மொட்டையாகக் கேட்டால் அது சிறைதான். அவர்கள் சிரித்தது கேலிக்காக இருக்காது. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு சின்னப் பெண் அவ்வளவு பணிவாக அதைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். இதற்கெல்லாம் அழாதீர்கள்.

ரஷ்ய நோயாளி ஆஸ்பத்திரியில் படுத்திருப்பார்: ‘லிஜாத் வ் பல்நீத்ஸெ’. காலையில் எழுந்து தாழ்வாரத்தில் நாலு நடை நடக்கிறவராக இருந்தாலும், வீடு திரும்பும்வரை அவர் படுத்திருப்பவர்தான். நீங்கள் கேட்டிருக்க வேண்டியது ‘ரான்ஷெ லிஜாலி வ் பல்நீத்ஸெ?’ இப்போது தமிழில் சொல்லிப் பாருங்கள்: ‘மாமா ஒரு வாரமா ஆஸ்பத்திரியில படுத்திருக்காரு.’ கேட்டுப் பழகிய வாக்கியம்தானே? அதே வினை, அதே பொருள். உங்கள் வாயிலேயே இருந்ததை விட்டுவிட்டு, ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றிக்கொண்டு போய் ஜெயில் வாசலில் நின்றிருக்கிறீர்கள்.

இந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் கொஞ்ச நாளாக எழுத நினைத்துக்கொண்டிருந்தேன். நம் பிள்ளைகள் மூன்றாவது மொழி எதைப் படித்தாலும் ஆங்கிலத்தைத் தரகராக வைத்துக்கொள்கிறார்கள். தரகர் தனக்குத் தெரிந்த ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். ‘புட்’ என்று ஆங்கிலேயர் சொல்லும்போது பொருள் இடம் மாறியது மட்டும்தான் தெரிகிறது. மாறிய இடத்தில் அது எப்படி இருக்கிறது என்பதைப் பற்றி அந்தச் சொல்லுக்கு அக்கறையே இல்லை. ரஷ்யனுக்கு அக்கறை அதில்தான்.

ஆகவே ‘புட்’டுக்கு ரஷ்யச் சொல் தேடாதீர்கள். வைத்த பிறகு அந்தப் பொருள் நிற்குமா, படுத்திருக்குமா, தொங்குமா, உட்கார்ந்திருக்குமா என்று கேளுங்கள். நிற்கும் (ஸ்தயாத்) என்றால் நிற்கவைக்க வேண்டும்: ஸ்தாவித், பஸ்தாவித். படுத்திருக்கும் (லிஜாத்) என்றால் படுக்கவைக்க வேண்டும்: க்ளாஸ்த், பலஜீத். தொங்கும் (விசேத்) என்றால் வேஷத், பவேசித். உட்கார்ந்திருக்கும் (சிதேத்) என்றால் சஜாத், பசதீத். ஒவ்வொரு ஜோடியிலும் முதலாவது வழக்கமாகச் செய்வதற்கும் செய்துகொண்டிருப்பதற்கும். இரண்டாவது ஒரு தடவை செய்து முடிப்பதற்கு. (ஜ என்று நான் எழுதியிருப்பது நம் ஜகரம் அல்ல. ஷ சொல்வதுபோல் நாக்கை வைத்துக்கொண்டு தொண்டை அதிரச் சொல்லுங்கள்.)

உங்கள் வார்டிலேயே பாருங்கள். கட்டிலருகே சிறு அலமாரியில் மருந்து பாட்டில் நிற்கிறது, மாத்திரை அட்டை படுத்திருக்கிறது, கோட்டு கொக்கியில் தொங்குகிறது, குழந்தை அம்மா மடியில் உட்கார்ந்திருக்கிறது. இதுவரை சிரமமில்லை. கட்டிலுக்கடியில் செருப்பு? நிற்கிறது. சாப்பாட்டுத் தட்டு? அதுவும் நிற்கிறது. இங்கேதான் நம்மவர்கள் தடுக்கி விழுகிறார்கள். தட்டையான தட்டு எப்படி நிற்கும் என்று கேட்பார்கள். ரஷ்யன் உயரத்தை அளப்பதில்லை. பொருளுக்கு அடிப்பாகம் என்று ஒன்று உண்டா, அந்த அடி கீழே பட, தன் வேலைக்குத் தயாராக அது இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. தட்டுக்கும் வாணலிக்கும் செருப்புக்கும் அடி உண்டு. பக்கத்தில் இருக்கும் கரண்டிக்கும் முள்கரண்டிக்கும் கிடையாது, அதனால் அவை படுத்திருக்கின்றன. பந்து எவ்வளவு பெரிதானாலும் படுத்துத்தான் இருக்கும். அதே தட்டு எச்சில் பாத்திரங்களோடு தொட்டியில் குவிந்து கிடந்தால் அதுவும் படுத்துவிடும். புத்தகம் அலமாரியில் முதுகு தெரியச் செருகியிருந்தால் நிற்கிறது, மேஜைமேல் மல்லாந்திருந்தால் படுத்திருக்கிறது. இதையெல்லாம் செயலி எப்படிச் சொல்லும்? உங்கள் தட்டை அது பார்த்ததா?

வேற்றுமையையும் சேர்த்தே பழகுங்கள். வைப்பதற்கு இரண்டாம் வேற்றுமை, இருப்பதற்கு இட வேற்றுமை. நோயாளியை வார்டில் சேர்ப்பது ‘பலஜீத் வ் பலாத்து’. அவர் வார்டில் இருப்பது ‘லிஜாத் வ் பலாத்யெ’. கடைசி உயிர் மட்டும்தான் மாறுகிறது, ஆனால் அதை மாற்றாவிட்டால் காதில் உறுத்தும். ‘மேஜை’யை வைத்துப் பழகினால் இது பிடிபடாது. ‘ஸ்தோல்’ ஆண்பால் அஃறிணை. இரண்டாம் வேற்றுமையிலும் அப்படியே நிற்கும். ஆ என்று முடியும் பெண்பால் சொற்களில் பழகுங்கள்.

‘பலஜீத்’ வருகிறதே என்று முன்னொட்டை வெட்டிவிட்டு ‘லஜீத்’ என்று சொல்லாதீர்கள். ரஷ்யர்களிலேயே நிறையப் பேர் சொல்வார்கள். படித்தவர்கள் முகம் சுளிப்பார்கள். இந்தத் தவறு பெரும்பாலும் எதிர்மறைக் கட்டளையில்தான் வரும். ‘வையுங்கள்’ என்பதற்கு ‘பலஜீத்யெ’. ‘வைக்காதீர்கள்’ என்னும்போது ஜோடியின் முதல் வினைக்கு மாற வேண்டும்: ‘நி க்ளதீத்யெ’. ஐஸை வெறும் தோலில் வைக்காதீர்கள் என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்ல வேண்டிவரும். அங்கே ‘நி லஜீத்யெ’ என்று உளறிவிடாதீர்கள். வேறு முன்னொட்டு சேர்ந்தால் லஜீத் கௌரவமான சொல்லாகிவிடுகிறது: நலஜீத், உலஜீத், பத்லஜீத். மேலே பரப்பிக் கட்டுவது, படுக்கையில் கிடத்துவது, அடியில் அண்டக் கொடுப்பது. இவற்றை வழக்கமாகச் செய்வதாகச் சொல்லும்போது ‘-க்ளாதிவத்’ என்று முடியும்: நக்ளாதிவத், உக்ளாதிவத்.

தமிழும் உங்களைக் காலை வாரும் இடம் உண்டு. நம் ஆஸ்பத்திரித் தமிழில் ‘போடு’ என்பது ‘புட்’டுக்குச் சளைத்ததில்லை. ஊசி போடு, தையல் போடு, கட்டுப் போடு, மாவுக்கட்டுப் போடு, டிரிப்ஸ் போடு, கையுறை போடு. ரஷ்யனில் இது நாலு வழியாகப் பிரிகிறது. தையல், கட்டு, மாவுக்கட்டு, ரத்தம் நிற்க இறுக்கும் பட்டை எல்லாம் உடம்பின் மேல் பரப்பிப் படிய வைப்பவை: நலஜீத். (பட்டை கட்டினால் கட்டிய நேரத்தைச் சீட்டில் எழுதிச் செருகுங்கள். இது இலக்கணம் அல்ல, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.) டிரிப்ஸ், எனிமா, கடுகுப் பற்று, தெர்மாமீட்டர் எல்லாம் ‘பஸ்தாவித்’, அதாவது நிற்கவைப்பவை.

தெர்மாமீட்டர் அக்குளில் படுத்துத்தானே இருக்கிறது என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. பஸ்தாவித்துக்கு இன்னொரு முகம் உண்டு: ஒன்றை வேலை செய்ய விட்டுவைப்பது. அடுப்பில் கெட்டிலை, காலைக்கு அலாரத்தை, கைபேசியைச் சார்ஜில் போடுவதெல்லாம் ரஷ்யனில் நிற்கவைப்பதுதான். தெர்மாமீட்டரும் டிரிப்ஸும் அந்த வகை. வைத்துவிட்டால் அது பாட்டுக்கு வேலை செய்கிறது, முடிந்ததும் எடுக்கிறோம். சிறு பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் சிரித்தால் குழம்பாதீர்கள்: ‘பஸ்தாவ்த்யெ க்ராதுஸ்னிக் பத் மீஷ்கு’ என்பதில் ‘பத் மீஷ்கு’வை எழுத்துப்படி எடுத்தால் ‘சுண்டெலிக்கு அடியில்’. அக்குளுக்கு அதுதான் சொல். நைட்ரோகிளிசரின் மாத்திரையோ நாக்குக்கடியில் படுக்கிறது: ‘பலஜீத்யெ பத் யஸீக்’ (இங்கே ஸ ஆங்கில z போல ஒலிக்கும்). நோயைக் கண்டறிந்து சொல்வதும் பஸ்தாவித்தான். ஆக, ரஷ்ய டாக்டர் நோயாளியைப் படுக்கவைத்து நோயை நிறுத்துகிறார்!

கையுறைக்கு ‘நத்யேத்’, குழந்தைக்கு உடுத்திவிடுவது ‘அத்யேத்’. எதிர்ச்சொல்லை வைத்துச் சோதியுங்கள்: கழற்றுவது ‘ஸ்ன்யாத்’ என்றால் போடுவது நத்யேத்; ஆளின் உடையைக் களைவது ‘ரஸ்த்யேத்’ என்றால் உடுத்துவது அத்யேத். தையலையும் மாவுக்கட்டையும் டிரிப்ஸையும் எடுப்பதும் ‘ஸ்ன்யாத்’தான். எனவே எந்த வினையைக் குறித்துக்கொண்டாலும் அதை அவிழ்க்கும் வினையையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

சொல்லுக்குச் சொல் எழுதிய அந்தக் குறிப்பேட்டைத் தூக்கிப் போடுங்கள். புதியதில் ஒரு வரிக்கு ஒரு பொருள்: பெயர், அது இருக்கும் நிலை, வைக்கும் வினைகள் இரண்டும், எடுக்கும் வினை. கட்டிலைச் சுற்றிக் கண்ணில் படுகிற பொருள்களிலிருந்து தொடங்குங்கள். தெரியாததைச் செவிலியரிடம் கேட்கும்போதும் ‘இதற்கு என்ன சொல்’ என்று கேட்காதீர்கள். ‘இது இங்கே நிற்கிறதா, படுத்திருக்கிறதா?’ என்று கேளுங்கள். யோசிக்காமல் பதில் சொல்வார்கள். வீட்டுக்கு வந்ததும் ஓஜிகோவ் அகராதியில் சரிபாருங்கள். 1949இல் முதன்முதலாக வந்தது, ஒரே தொகுதி, ரஷ்யனுக்கு ரஷ்யனிலேயே பொருள். முதல் மாதம் தலை சுற்றும். சுற்றட்டும்.

ஊசியை மட்டும் விட்டுவிட்டேன். எழுத்து ரஷ்யனில் ஊசி ‘செய்வார்கள்’: ஸ்த்யேலத் உக்கோல். யூரல், சைபீரியப் பக்கத்து ஆட்கள் ‘பஸ்தாவித் உக்கோல்’ என்பார்கள். தேர்வில் முதலாவதை எழுதுங்கள். இரண்டாவதைச் சொல்லும் செவிலியரைத் திருத்தப் போகாதீர்கள். நரம்பு கிடைக்காத கையில் ஊசி ஏற்ற உங்களுக்குக் கற்றுத்தரப்போவது அவர்தான்.

அன்புடன்,
ஆசிரியர்